வெள்ளைமுனைக்கு நடந்து வந்த மூன்று நாற்காலிகள்

கடலுக்கும் கரைக்கும் எல்லை எது என்று கடலே இன்னும் முடிவு செய்யாத ஒரு நாட்டில், வெள்ளைமுனை என்கிற உப்பளத்து ஊருக்கு, பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பெண்களெல்லாம் பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று நாற்காலிகள் வரப்பு மேலே ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்தன. முன்கால் இரண்டையும் ஊன்றி, பிறகு பின்கால் இரண்டையும் எடுத்துவைத்து, வழுக்குகிற இடத்தில் சற்று நின்று பார்த்து, நிறைமாதப் பெண் நடப்பதுபோலப் பதனமாக வந்தன. தேக்கு நாற்காலிகள். ஆள் உயர முதுகு. முதுகின் உச்சியில் திறந்த உள்ளங்கை ஒன்று செதுக்கியிருந்தது. இருநூறு கல் நடந்த செம்மண் கால்களில் பாதிவரை ஏறியிருந்தது.

பெண்கள் பார்த்தார்கள், ஆனால் கைவேலையை விடவில்லை. எங்கள் அளத்தில் வரிசையாகத்தான் உப்பு வாருவோம். வரிசையின் கடைசி ஆள் கரையேறும்வரை முதல் ஆள் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். யார் எப்போது ஏற்படுத்தினார்களோ தெரியாது, தாகத்தில் யாரும் தனியாக இல்லை என்பதற்காக ஏற்படுத்தியிருப்பார்கள். ஆகவே நாற்காலி வந்தாலும் சரி, நட்சத்திரம் இறங்கினாலும் சரி, வரிசை முடியவேண்டும்.

"ஏட்டி செபத்தி, நாக்காலி வருது பாரு," என்றாள் ஞானப்பூ.

"வரட்டும். யாரைத் தேடி வருதாம்?" என்றாள் செபத்தி, பலகையை இழுத்துக்கொண்டே.

"என்னையத்தான் தேடி வருது. எனக்கு இதுகளைத் தெரியும்."

ஞானப்பூவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, மூவருக்கும் கல்யாணம் முடித்துவிட்டு, புருசனை அளத்து ஓரத்துக் கல்லறையில் வைத்துவிட்டு, இன்னும் பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்தவள். முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் வழக்கு அவள் பெயரில்தான் நடந்தது. 'ஞானப்பூவும் மற்றவர்களும் எதிர் அரசு' என்று காகிதத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பாத்திகளையும், பாத்திக்கு நடுவிலிருந்த குடியிருப்பையும், கல்லறையையும் சேர்த்துத் துறைமுகம் கட்ட எடுத்துக்கொண்டது அரசு. பட்டா இல்லை, அதனால் நீங்கள் இல்லை என்றது கீழ்க்கோர்ட்டு. அதையே இன்னும் நீளமாகச் சொன்னது மேல்கோர்ட்டு. மிச்சமிருந்தது தலைநகரத்து உச்ச நீதிமன்றம் ஒன்றுதான். அங்கே ஒன்பது நீதிபதிகள், ஒன்பது நாற்காலிகள். போன புரட்டாசியில் ஞானப்பூ அங்கே போய்ப் பின்வரிசையில் நின்றாள். பதினொரு நிமிடம் கேட்டார்கள், ஒத்திவைத்தார்கள். நீதிபதிகளின் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, முகத்துக்கு மேலே ஒன்பது உள்ளங்கைகள் தெரிந்தன. ஒன்றும் வைக்காத கைகள். அதனால்தான் வரப்பில் வந்தவற்றை உடனே அடையாளம் கண்டாள்.

வரிசை கரையேறியது. எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். நாற்காலிகளும் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

"இதுகளுக்கும் ஒரு செம்பு ஊத்துவோமா?" என்றாள் செபத்தி.

"மொதல்ல காலைக் கழுவி விடுவோம். எம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்குதுக," என்றாள் ஞானப்பூ.

அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. வேறு எந்த ஊரிலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு நல்ல தண்ணீர் என்பது வாரத்துக்கு இரண்டு தடவை லாரியில் வருகிற பொருள். காலைக் கழுவுவது, பலகையைக் கழுவுவது, வாசலைக் கழுவுவது எல்லாம் பாத்தித் தண்ணீரில்தான். கை தானாக அங்கேதான் போகும். மூன்று நாற்காலிகளையும் பாத்தித் தண்ணீர் மொண்டு தலையோடு குளிப்பாட்டி, வெயிலில் நிறுத்தினார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் செம்மண் போயிருந்தது, தேக்கு நிறமும் போயிருந்தது. கால் முதல் உள்ளங்கைவரை பொடி உப்புப் பூத்து, மூன்று மணப்பெண்களைப்போல வெள்ளை வெளேரென்று நின்றன.

"சேசுவே," என்றாள் செபத்தி. "கவர்மெண்டுச் சாமானை நாசம் பண்ணிட்டோமே யக்கா! துறைமுகத்துக்கு முன்னாடி ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவான்!"

துணியால் துடைத்தார்கள். உப்பு உதிர்ந்தது. துணியை எடுத்ததும் மறுபடி பூத்தது. சுரண்டினார்கள், பூத்தது. ஞானப்பூ மாதா கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றி, "அம்மா, நாங்க வேணும்னு செய்யல," என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

மறுநாள் வக்கீல் சுலோச்சனா அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர்தான் பதினாலு வருடமாக எங்கள் வழக்கை நடத்துகிறவர். ஒரே கைப்பை, ஒரே குடை, நடந்தால் செருப்புச் சத்தம் முன்னால் வரும். பக்கீர் காக்காவின் டீக்கடை முன்னால் நின்ற நாற்காலிகளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மூணு நீதிபதிங்களுக்கு எழுபது வயசு முடிஞ்சுபோச்சு. இறங்கிட்டாங்க," என்றார். "நாற்காலி காலி. தேர்தல் அறிவிச்சாச்சு. அறிவிச்ச பிறகு நீதிபதி போடக்கூடாதுன்னு நம்ம சட்டம். வைகாசில யார் ஜனாதிபதியா வர்றாங்களோ அவங்கதான் இந்த மூணுலயும் ஆள் உட்கார வைப்பாங்க."

"மிச்சம் ஆறு பேரு?" என்றாள் ஞானப்பூ.

"அவங்க கேட்ட கேள்வியை வச்சுப் பார்த்தா, மூணு பேர் நம்ம பக்கம், மூணு பேர் அரசு பக்கம்."

ஞானப்பூ மூன்று நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்போ எங்க வீடு இருக்கா இல்லையான்னு இந்த மூணு நாக்காலிதான் சொல்லணும்," என்றாள் ஞானப்பூ.

"ஆமா."

"உக்காத்தி வைக்கிற ஆளை நாங்க உக்காத்தி வைக்கணும்."

"அதேதான்மா. ஜனாதிபதி ஆறு வருஷத்துல போயிடுவார். அவர் உட்கார வச்சவங்க எழுபது வயசு வரைக்கும் இருப்பாங்க."

பக்கீர் காக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "நாம இதுவரைக்கும் ரோட்டுக்கும் லைட்டுக்கும்தானே ஓட்டுன்னு நெனைச்சோம்," என்றார். உண்மையில் எங்கள் ஊரில் அதற்குக்கூட நிறையப் பேர் ஓட்டுப் போட்டதில்லை. வாக்குச்சாவடி ஏழு கல் தள்ளி. தேர்தல் எப்போதும் உப்பு வாருகிற காலத்தில்தான் வரும். ஒரு நாள் விட்டால் பாத்தியில் உப்பு கல்லாகிவிடும். ஜனாதிபதி மாறினால் மாறட்டும், உப்பு காத்திருக்காது என்று இருந்துவிட்டோம்.

நாற்காலிகள் ஊரோடு ஊராகிப்போனது இப்படித்தான். தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரி லாரியோடு வந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போனார். எட்டாம் நாள் காலையில் மூன்றும் வரப்பில் வந்துகொண்டிருந்தன. பெண்கள் மறுபடி காலைக் கழுவிவிட்டார்கள். மறுபடி லாரி வந்தது, மறுபடி நடந்து வந்தன. மூன்றாம் தடவை அந்த அதிகாரி களைத்துப்போய் டீ குடித்துவிட்டு, 'தற்காலிகப் பாதுகாப்பில் உள்ளது' என்று ஒரு தாளில் எழுதி ஞானப்பூவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நல்லாப் பார்த்துக்கங்கம்மா, மழையில விட்டுடாதீங்க," என்று சொல்லிப் போனார். தொட்டில் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

முதல் நாற்காலி சற்று முரடு, வழியில் நின்றால் நகராது. அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது யார் பேசினாலும் அந்தப் பக்கம் லேசாகச் சாயும், அதற்குக் காதர் என்று பக்கீர் காக்கா தன் செத்துப்போன தம்பியின் பெயரை வைத்தார். மூன்றாவது கூச்சப்படும், கூட்டம் கூடினால் புன்னை மரத்தடிக்கு ஒதுங்கிவிடும். அதைச் சின்னப்பொண்ணு என்றார்கள். ஆட்டுக்குட்டிகள் மாமனார் மேல் ஏறாது, காதர் மேல் ஏறித் தூங்கும்.

அவற்றின் குணம் தெரிந்தது சூசையா வீட்டுச் சண்டையில். சூசையாவும் அவன் பெண்டாட்டி லூர்தம்மாளும் இருபது வருடமாக ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்குச் சூசையா கோபத்தில் போய்க் காதரில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் வாய் திறக்கவில்லை. லூர்தம்மாள் பேசினாள். சூசையா கண்ணை உருட்டினான், கையை ஆட்டினான், சத்தம் வரவில்லை. அவள் இருபது வருடத்தையும் பேசினாள். தன் அம்மா செத்தபோது தன்னைப் போகவிடாததில் தொடங்கி, போன ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியதுவரை பேசி, மூச்சு வாங்கி, "அம்புட்டுத்தான்," என்றாள். அப்போதுதான் அவன் வாய் திறந்தது. திறந்த வாயில் முதலில் வந்தது:

"தண்ணி."

குடித்துவிட்டு, "அன்னைக்கு உன்னைய அனுப்பியிருக்கணும் லூர்து," என்றான். லூர்தம்மாள் திகைத்துப்போய், "ஏன்யா, ஒனக்குச் சுகமில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஊருக்கே தெரிந்துபோனது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, எதிரே நிற்கிறவர் பேசி முடிக்கும்வரை வாய் அடைத்திருக்கும், காது திறந்திருக்கும், வெயிலில் உப்பு வாருகிறவளின் தாகம் வந்து தொண்டையில் உட்காரும். வேலிச் சண்டை, கிணற்றுச் சண்டை, மாமியார் மருமகள் எல்லாரும் வந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். தீர்ப்பு சொல்ல ஆளே தேவைப்படவில்லை, கேட்டு முடித்ததும் பாதிச் சண்டை தானாக எழுந்து போய்விட்டது. மீதிப் பாதி கேட்ட பிறகும் இருந்தது, அதுவும் உண்மைதான். போகும்போது எல்லாரும் ஒரே கேள்வியைக் கொண்டுபோனார்கள். இந்த வெள்ளை நாற்காலியில் நாளைக்கு யார் உட்காரப்போகிறார்? யார் உட்கார வைக்கப்போகிறார்? அந்தக் கேள்வி வேன் ஏறிப் போனது, பஸ் ஏறிப் போனது, சந்தையில் இறங்கியது, பள்ளிக்கூட வாசலில் நின்றது, மலையேறித் தேயிலைத் தோட்டத்துக்கும் போனது.

சித்திரையில் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். முதலில் குடைச் சின்னத்துக்காரர். அவர்தான் அப்போதைய ஜனாதிபதி, துறைமுகத்துக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். வந்து இறங்கியதும் புகைப்படக்காரர் அவரை மாமனாரில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். ஞானப்பூ எதிரே வந்து நின்றாள்.

"ஐயா, எங்க வழக்கைக் கேக்க வாரவங்க எப்பிடிப்பட்டவங்கன்னு கேட்டுக்கிடலாம்னு..." என்று அவள் தொடங்க, அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. முகம் சிவந்தது. அவள் பேசிக்கொண்டே போக, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அதற்கு மேல் பொறுக்கமுடியாமல் எழுந்துவிட்டார். எழுந்ததும் குரல் வந்தது.

"நாற்காலிதானேம்மா! அதுக்கு ஆள் நான் பார்த்துக்கறேன். நாட்டு முன்னேற்றம் தெரிஞ்ச ஆளுங்களா மூணு பேர் ஏற்கெனவே எழுதி வச்சிருக்கேன். உங்க ஊருக்கு என்ன வேணும், அதைக் கேளுங்க. ஆஸ்பத்திரி வேணுமா?"

"துறைமுகம் கட்டுன பெறகு ஊரே இருக்காதே ஐயா, ஆசுபத்திரி யாருக்கு?" என்றாள் செபத்தி பின்னாலிருந்து. அவர் காரில் ஏறிவிட்டார். அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கம் உப்பு அப்பியிருந்ததை யாரும் சொல்லவில்லை. வெள்ளையில் வெள்ளை தெரியாது என்று விட்டுவிட்டோம்.

பிறகு அம்மிச் சின்னத்துக்கார அம்மா வந்தார். பருத்த உடம்பு, முழங்கால் வலி, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம். மாமனாரைப் பார்த்தார், காதரைப் பார்த்தார், புன்னை மரத்தடியில் ஒதுங்கி நின்ற சின்னப்பொண்ணுவிடம் போய் உட்கார்ந்தார். ஞானப்பூ பேசினாள். அப்பாவோடு சேர்ந்து பாத்தி வெட்டிய கதையிலிருந்து, கல்லறையில் புருசனுக்கு வைத்த உப்புக்கல் சிலுவைவரை பேசினாள். அடுத்து செபத்தி பேசினாள். அடுத்து ஒவ்வொருத்தியாக வரிசை நின்றது. நடுவில் அந்த அம்மாவுக்குக் கண் செருகியது. சின்னப்பொண்ணு முன்கால் இரண்டையும் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கியதில் பதறி விழித்துக்கொண்டார். பெண்கள் சிரித்தார்கள், அவரும் வாயடைத்தபடியே சிரித்தார். பொழுது சாயக் கடைசி ஆள் பேசி முடித்தாள்.

"தண்ணி," என்றார் அவர். இரண்டு செம்பு குடித்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்குச் சாதகமா தீர்ப்புச் சொல்ற ஆளைப் போடுவேன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா அது வேற யாருக்கோ நாளைக்கு அநியாயம். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காத ஆளைப் போடுவேன். அவ்வளவுதான் என் கையில இருக்கு."

அவர் போனதும் ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது.

"ஜெயிக்க வைப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே! அப்புறம் எதுக்கு இந்தம்மாவுக்கு ஓட்டு?" என்றான் சூசையா.

"ஒம் பொண்டாட்டி பேசுனதைக் கேட்டியே, அன்னைக்கு அந்த நாக்காலி ஒன்னைய ஜெயிக்கவா வச்சுது? ஆனா வீடு நல்லாத்தானே இருக்கு," என்றாள் ஞானப்பூ. "பதினோரு நிமிசம் கேட்டுத் தோத்தா வயிறு எரியும். முழுசாக் கேட்டுத் தோத்தா, அழுதுட்டு எந்திரிச்சிருவேன். எனக்குக் கேக்குற ஆளு போதும் சூசை. நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னா, கேட்டா போதும்லா?"

சூசையா தலையைச் சொறிந்துகொண்டு காதரைப் பார்த்தான். காதர் அவன் பக்கம் சாய்ந்தது.

வைகாசியில் தேர்தல் நாள். அன்றைக்குப் பாத்தியில் யாரும் இறங்கவில்லை. உப்பு கல்லாகட்டும் என்று விட்டார்கள், வெள்ளைமுனையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் இல்லை. மூன்று நாற்காலிகளும் முன்னே நடக்க, பின்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஏழு கல் நடந்தார்கள். பக்கீர் காக்கா டீ டிரம்மைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார், மாதா கோவில் பங்குச்சாமியார் குடை பிடித்து வந்தார், வழியில் இருக்கிற ஊர்களெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தன. வாக்குச்சாவடி வாசலில் நூறு அடிக்கு இந்தப் பக்கம் நாற்காலிகள் தாமாகவே நின்றுகொண்டன. சட்டம் தெரிந்த நாற்காலிகள் அல்லவா. கடைசி ஆள் ஓட்டுப் போட்டு வெளியே வரும்வரை யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, அப்படியே நடந்தது.

அம்மி ஜெயித்தது. வெள்ளைமுனையால் மட்டும் ஜெயித்தது என்று சொன்னால் தெய்வம் பொறுக்காது. மலையிலும் சந்தையிலும் அந்தக் கேள்வி போய் நின்ற இடமெல்லாம் சேர்ந்துதான் ஜெயித்தது. புது ஜனாதிபதி பதவியேற்ற அன்று காலை மூன்று நாற்காலிகளும் கிளம்பின. சின்னப்பொண்ணு மட்டும் வரப்பு முனையில் ஒரு தடவை நின்றது. ஞானப்பூ ஓடிப்போய் அதன் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்து, "நல்லபடியாப் போ தாயி," என்றாள். பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர்களுக்கு அந்த முதுகு தெரியும்.

மூன்று புது நீதிபதிகள் வந்தார்கள். ஆனால் கோர்ட்டுக்கு அதன் நடை. இருநூறு கல்லை நாற்காலி ஆறு நாளில் நடந்தது, வழக்குக்கு ஆறு வருடம் போதவில்லை. முன்னே ஆயிரம் வழக்கு நின்றது. அதற்குள் அடுத்த தேர்தல் வந்து, அரிசி விலையில் அம்மி தோற்று, குடை மறுபடி விரிந்தது. குடைக்காரர் வந்த முதல் வாரமே, துறைமுக வேலை தொடங்கும் என்று வானொலியில் சொன்னார். அன்றைக்கு எங்கள் ஊரில் அடுப்பு எரியவில்லை.

சுலோச்சனா அம்மாவுக்கு ஞானப்பூ போன் போட்டாள். "எல்லாம் போச்சாம்மா?"

"அவர் வந்துட்டார், சரிதான். ஆனா அந்த மூணு பேருக்கும் இன்னும் எழுபது ஆகலயே," என்றார் சுலோச்சனா அம்மா. "நீங்க போட்ட ஓட்டு இன்னும் அங்கதான் உட்கார்ந்திருக்கு. அவரால அதை எழுப்ப முடியாது. ஆனியில விசாரணை. கிளம்பி வாங்க."

நாற்பது பெண்கள் ரயிலேறினோம். உச்ச நீதிமன்றத்தின் பெரிய மண்டபத்தில் ஆறு தேக்கு நாற்காலிகளும் அவற்றின் நடுநடுவே மூன்று வெள்ளை நாற்காலிகளும் இருந்தன. கோர்ட்டு ஆட்கள் ஆறு வருடமாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். அந்த மூன்றிலும் உட்காருகிறவர்களின் கறுப்பு அங்கியில், எழுந்து திரும்பும்போது முதுகு நெடுக உப்புத் தெரியும். மாமனாரில் ஒரு வழுக்கைத் தலை ஐயா. காதரில் கண்ணாடி போட்ட இளைத்த ஒருவர். சின்னப்பொண்ணுவில் ஒரு அம்மா, நரைத்த கொண்டை, கைக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்.

அரசு வக்கீல் இரண்டு நாள் பேசினார். மூன்று பேரும் அவரையும் கடைசிவரை கேட்டார்கள், வாய் திறக்கவில்லை. அது எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிதான் என்று இருந்தது. பிறகு சுலோச்சனா அம்மா பேசினார். முடிவில், வழக்காளி ஏதும் சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார்கள். ஞானப்பூ எழுந்து போய் நின்றாள்.

"ஐயாமாரே, அம்மா, எங்ககிட்ட பட்டா இல்ல," என்றாள். "ஆனா எங்க ஆளுக செத்தா எரிச்சாலும் உள்ளங்கால் வேகாதுன்னு சொல்லுவாக, அம்புட்டு உப்பு அதுல ஏறியிருக்கு. மண்ணு எங்க கால்ல எழுதியிருக்கு. நாங்கதான் மண்ணுல எழுதி வாங்கல. அது எங்க தப்பா இருந்தா, மன்னிச்சிக்கிடுங்க. இந்த நாட்டுல எந்த வீட்டுல சோறு தின்னாலும், எங்க கையி பட்டதைத்தான் தின்னுருக்காக. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

சொல்லும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். கொண்டை போட்ட அம்மா தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்திருந்தார். உதடு வறண்டிருந்தது. ஆனாலும் குடிக்கவில்லை. பிடித்தபடியே இருந்தார்.

'இவுக நம்ம வரிசைப் பொம்பளை,' என்று ஞானப்பூ நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. ஒன்பது பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஞானப்பூ ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்கு என்றால் ஒரு மணியை வலப்பக்கம் தள்ளினாள், இல்லை என்றால் இடப்பக்கம். தேக்கு நாற்காலிக்காரர்கள் ஆறு பேரும் சுலோச்சனா அம்மா அன்றைக்கு டீக்கடையில் சொன்னபடியே சொன்னார்கள். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று. அடுத்தது வெள்ளை நாற்காலிகள். மாமனாரில் இருந்த வழுக்கைத் தலை ஐயா எழுந்தார். "முழுமையாகக் கேட்டேன். மனம் வருந்துகிறது. ஆனால் சட்டத்தில் இடமில்லை," என்றார். இடப்பக்கம் நான்கு.

செபத்தி ஞானப்பூவின் தொடையைக் கிள்ளினாள். "அம்மி போட்ட ஆளே நம்மள அரைச்சிட்டாரே யக்கா!"

"சும்மா இரு. கேட்டுட்டுத்தானே சொன்னாரு," என்றாள் ஞானப்பூ.

காதரில் இருந்தவர் எழுந்தார். "நிலம் இவர்களுடையது," என்றார். ஒரே வரி. நான்கும் நான்கும். ஞானப்பூவின் விரல் ஒன்பதாவது மணியில் நின்றது. வலமா இடமா என்று அந்த மணிக்கே தெரியவில்லை.

கொண்டை போட்ட அம்மா எழுந்து நின்றார். குரல் வறண்டிருந்தது.

"நூறு வருடம் ஒரு வரப்பில் நடந்தவர்களின் காலடியை விடப் பெரிய ஆவணம் இந்த மன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. பாத்தியும் குடியிருப்பும் கல்லறையும் அவர்களுடையவை. தொண்ணூறு நாளுக்குள் ஜனாதிபதி நேரில் சென்று, அதே வரப்பில் நின்று, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் வாசித்துப் பட்டாவைக் கையில் கொடுக்க வேண்டும்."

சொல்லிவிட்டு, தம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தார். நாற்பது பெண்கள் பின்வரிசையில் ஒரே குரலாய் அழுதோம். காவலர் வந்து சத்தம் போடக்கூடாது என்றார்.

எண்பத்தெட்டாம் நாள் குடைக்காரர் வந்தார். வராமல் இருக்க அவரால் முடியவில்லை, அவர் கையெழுத்தை விடப் பெரிய கையெழுத்து அது. வெள்ளைமுனை முழுக்க வரப்பில் உட்கார்ந்திருந்தது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஞானப்பூ தன் வீட்டு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள்.

"உக்காருங்க ஐயா."

அவர் ஸ்டூலைப் பார்த்தார். அதன் கால்களைப் பார்த்தார். ஓரத்தில் பூத்திருந்த உப்பைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு ஸ்டூலுதான். நடக்காது," என்றாள் ஞானப்பூ.

"பரவாயில்லம்மா, நிக்கிறேன்," என்றார் ஜனாதிபதி.

நின்றபடியே வாசித்தார். அடைக்கலமேரி குடும்பம், சூசையா லூர்தம்மாள் குடும்பம், பக்கீர் முகமது குடும்பம், செபத்தியம்மாள் குடும்பம். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து வந்து, பட்டாவை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். நூறு பெயர் தாண்டியதும் அவர் நெற்றி வியர்த்தது. இருநூறு தாண்டியதும் குரல் கரகரத்தது. உதவியாளரைத் திரும்பிப் பார்த்து, "தண்ணி," என்றார்.

பானைக்குப் பக்கத்தில் ஞானப்பூதான் நின்றிருந்தாள். கோபமாக இல்லை, தன் மூத்த மகனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கடைசி ஆளு கரையேறட்டும் ஐயா. இங்க வழக்கம் அது."

அவர் அவளைப் பார்த்தார். வரப்பு நெடுக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். யார் கையிலும் செம்பு இல்லை. தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மீதியை வாசித்தார். ஒரு பெயரையும் விழுங்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டாவது பெயர் வந்தபோது வெயில் உச்சியில் நின்றது.

"ஞானப்பூ குடும்பம்."

அவள் போய் வாங்கிக்கொண்டாள். பிரித்துப் படிக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு பானையைத் திறந்து, முதல் செம்பை மொண்டு, ஜனாதிபதியிடம் நீட்டினாள்.

"இப்போ குடிங்க ஐயா," என்றாள். "எல்லாரும் கரையேறியாச்சு."